ஹைவேல அலைஞ்ச ஸ்பிட்ஃபயரை நேரா ஓட வச்ச கொண்டலாம்பட்டி ஷெட்: முழு ரிவியூ

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் பழைய கார் வச்சிருக்கறவங்க, அதுலயும் ஸ்டியரிங் அலையுதுன்னு சொல்லி அலைன்மெண்ட் சென்டருக்கும் வீட்டுக்குமா நடந்துட்டு இருக்கறவங்க இதை பொறுமையா முழுசா படிங்க. கொண்டலாம்பட்டி பைபாஸ்ல இருந்து உள்ள பிரியற ஒரு ரோட்டுல, லாரி பட்டறைங்களுக்கு நடுவுல போர்டே இல்லாத ஒரு தகர ஷெட் இருக்கு, பழைய வண்டி மட்டும்தான் எடுக்கறாங்க. நடத்தறவர் பேரை போட வேண்டாம்னு சொல்லிட்டாரு, அதனால பெரியவர்னே எழுதறேன். சின்ன வயசுல மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேலை பார்த்து பழகினவர், இப்ப கூட ரெண்டு பசங்க இருக்காங்க.

என் வண்டி 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. ரெண்டு சீட்டு, மேல துணி கூரை, 1296 சிசி எஞ்சின், வெயிட் எழுநூத்தி சொச்சம் கிலோதான். தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஸ்பிட்ஃபயர் 1962ல இங்கிலாந்துல வந்த கார், டிசைன் பண்ணது இத்தாலிக்காரர் ஜியோவானி மிச்செலோட்டி, ஆனா அடியில இருக்கறது ஹெரால்டோட சேசிஸை குட்டையாக்கி எடுத்த சரக்குதான். அந்த ஹெரால்டைத்தான் நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில 1961ல இருந்து செஞ்சாங்க. முன்னாடி டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிக்கற ரெண்டு கை), ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பினியன்னு ஒரு சின்ன பல்சக்கரம் ரேக்னு ஒரு பல்லு கம்பியை பக்கவாட்டுல நகர்த்தி சக்கரத்தை திருப்பும்), பின்னாடி குறுக்கால ஒரே பட்டை ஸ்பிரிங்கோட ஸ்விங் ஆக்சில், எல்லாமே ரெண்டுக்கும் ஒரே குடும்பம். அதனால இந்த வண்டியை பார்த்து பயப்படாத மெக்கானிக் வேணும்னா ஹெரால்டு பிரிச்ச கை வேணும், அது தமிழ்நாட்டுல இன்னும் கொஞ்ச பேர்கிட்ட இருக்கு, இவர் அதுல ஒருத்தர்.

பிரச்சனை என்னன்னா ஊருக்குள்ள ஒண்ணுமே தெரியாது. அஞ்சு ரோடு, ஹஸ்தம்பட்டி, செவ்வாப்பேட்டை சந்து எல்லாம் சூப்பரா திரும்பும், இந்த வண்டி 24 அடி வட்டத்துல யூ-டர்ன் போடும், ஆட்டோ மாதிரி. ஆனா சங்ககிரி பக்கம் ஹைவேல ஏறி எழுபதை தாண்டினா ஆரம்பிச்சிரும். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சிருப்பேன், வண்டி மெதுவா இடது பக்கம் போகும், லேசா வலது பக்கம் திருப்புவேன், ஒண்ணும் ஆகாது, இன்னும் கொஞ்சம் திருப்புவேன், திடீர்னு வலது பக்கம் தாண்டி போகும், மறுபடி இடது. இப்படியே காக்காபாளையம் மகுடஞ்சாவடி வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டே போனா தோள்பட்டை வலிச்சிரும். பக்கத்துல கண்டெய்னர் லாரி கடந்தா காத்துல ஒரு அடி நகரும். இதெல்லாத்தையும் விட பயமா இருந்தது ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுக்கறப்ப பின்பக்கம் தனியா ஒரு முடிவு எடுக்கற மாதிரி நகர்றது. தொப்பூர் இறக்கத்துல அது நடந்த அன்னைக்கு, இதை சரி பண்ணாம இனி ஹைவே பக்கம் போறதில்லன்னு முடிவு பண்ணேன்.

இதுக்கு முன்னாடி போன இடங்களை பத்தி பேர் சொல்லாம சுருக்கமா சொல்லிடறேன். ஒரு இடத்துல கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் பண்ணி பச்சை கலர் ரிப்போர்ட் குடுத்தாங்க, ஹைவேல அதே ஆட்டம். இன்னொரு இடத்துல ரேக்கையே மாத்தணும், வெளிநாட்டுல இருந்து வரவைக்கணும்னு ஒரு பெரிய தொகை சொன்னாங்க, வண்டி அடியில ஒரு தடவை கூட படுத்து பார்க்காம. ரெண்டு இடத்துலயும் நாலு டயர்லயும் 32 ஏர் வச்சு அனுப்பினாங்க, அது எவ்வளவு தப்புன்னு கீழ சொல்றேன்.

பெரியவர்கிட்ட போனப்ப அவர் முதல்ல வண்டியை தொடவே இல்ல. "எப்ப தம்பி அலையுது, கால் வச்சிருக்கறப்பவா, எடுக்கறப்பவா?"ன்னு கேட்டாரு. அடுத்து, "அலையற பக்கம் மாறுதா, எப்பவும் ஒரே பக்கமா?" இந்த ரெண்டு கேள்வியை அதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல. ஒரே பக்கம் போனா அது இழுக்கறது, பக்கம் மாறி மாறி போனா அது அலையறது, ரெண்டுக்கும் வைத்தியம் வேறன்னு சொல்லிட்டு சாவியை வாங்கி அவரே ஓட்டினாரு, என்னை பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு. சீலநாயக்கன்பட்டி வரைக்கும் போயிட்டு வந்தோம். நேர் ரோட்டுல ஸ்டியரிங்கை ரெண்டு விரலால மட்டும் பிடிச்சு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் லேசா ஆட்டி எவ்வளவு தூரத்துக்கு வண்டி கேக்கலன்னு பார்த்தாரு, அப்புறம் காலை டக்குன்னு எடுத்து பின்பக்கத்தை பார்த்தாரு. ஷெட்டுக்கு திரும்பி வர்றதுக்குள்ள "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு வியாதி இருக்கு"ன்னு சொல்லிட்டாரு.

நான் அப்ப ஒரு சந்தேகம் கேட்டேன், ஏற்காடு ஏறறப்ப மட்டும் இது ஏன் தெரியலன்னு. அவர் சொன்ன விளக்கம் எனக்கு கண்ணை திறந்து விட்டுச்சு. வளைவுல போறப்ப டயர் மேல எப்பவும் ஒரு பக்க அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தம் ஜாயிண்ட்ல இருக்கற லூஸ் எல்லாத்தையும் ஒரு பக்கமா தள்ளி வச்சிரும், அதனால பிளே இருந்தாலும் கைக்கு தெரியாது. நேர் ரோட்டுல அந்த அழுத்தம் கிடையாது, சக்கரம் அந்த லூஸுக்குள்ளயே மிதந்துட்டு இருக்கும், ரோடு எந்தப்பக்கம் தட்டுதோ அந்தப்பக்கம் போகும். அதனால மலை ரோட்டுல ஓட்டிப்பார்த்து ஸ்டியரிங் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுக்க முடியாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போறவங்க, ஓனர் உங்களை ஏற்காட்டு ரோட்டுக்கு கூட்டிட்டு போனா அங்கயே திருப்தி ஆயிடாதீங்க, ஹைவேலயும் ஓட்டிப்பாருங்க.

அடுத்து போனட். ஸ்பிட்ஃபயர்ல முன்பக்கம் மட்கார்டு லைட்டு எல்லாத்தோடயும் சேர்ந்து மொத்தமா முன்னாடி பக்கமா சாயும், சாய்ச்சதும் எஞ்சின், சஸ்பென்ஷன், ரேக் எல்லாம் அப்படியே வெளிய நிக்கும். பெரியவர் முன் டயர் மேலயே உட்கார்ந்துட்டாரு, கையில டார்ச். ஒரு பையனை ஸ்டியரிங்ல உட்கார வச்சு, "சக்கரம் திரும்பக்கூடாது, அதுக்கு முன்னாடி எவ்வளவு ஆடுதோ அவ்வளவு மட்டும் ஆட்டு"ன்னாரு. என்னை கூப்பிட்டு காட்டினாரு. ரேக்கை சேசிஸோட பிடிச்சிருக்கற ரெண்டு யூ-போல்ட்டுக்குள்ள ரப்பர் இருக்கும், அந்த ரப்பர்ல பல வருஷமா எஞ்சின் ஆயில் ஊறி ஊறி அல்வா பதத்துல இருந்துச்சு. ஸ்டியரிங்கை ஆட்டினா பினியன் சுத்தறதுக்கு முன்னாடி ரேக் மொத்தமா பக்கவாட்டுல நகருது, அப்புறம்தான் சக்கரத்தை திருப்பற டை ராடு கம்பி அசையுது. சின்ன அசைவையும் அளக்கற டயல் கேஜை சேசிஸ்ல ஒட்டி ரேக் மேல முள்ளை வச்சு காட்டினாரு, ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மில்லி கிட்ட. ரேக்ல ரெண்டு மில்லின்னா ஸ்டியரிங் வீல்ல எவ்வளவு செத்த இடம் வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மாத்த சொன்ன ரேக்குக்கு உள்ள ஒண்ணுமே ஆகல, பல்லு நல்லா இருந்துச்சு, ரேக்கை பினியனோட அமுக்கி பிடிக்கற, அடியில இருக்கற டேம்பர் மூடியில ஒரு ஷிம் (மெல்லிசான தகடு) மட்டும் எடுத்து லேசா டைட் பண்ணாரு. அதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. நடு இடத்துலதான் பல்லு அதிகமா தேயும், அங்க இருக்கற பிளேயை முழுசா எடுக்கணும்னு டைட் பண்ணா ரெண்டு கோடியிலயும் ஸ்டியரிங் பிடிச்சுக்கும். அதனால டைட் பண்ணிட்டு ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் கையால திருப்பி பார்த்துட்டுத்தான் மூடினாரு.

ரப்பருக்கு பதிலா என்ன போடறதுன்னு என்கிட்டயே கேட்டாரு. புது ரப்பர் போட்டா கைக்கு சுகமா இருக்கும், ஆனா ஆயில் பட்டா மறுபடி இதே கதை. அலுமினியத்துல கடைஞ்சு போட்டா ரேக் அசையவே அசையாது, ஆனா ரோட்டு குண்டு குழி கைக்கு தெரியும். நான் அலுமினியம்னு சொன்னேன், பக்கத்து லேத்துல அளவு குடுத்து கடைஞ்சு வாங்கிட்டாரு. போட்டதுக்கப்புறம் அன்னதானப்பட்டி ரோட்டு பள்ளம் ஒவ்வொண்ணும் கையில தட்டுது, உண்மைதான், எனக்கு அது பிடிச்சிருக்கு. வண்டியில வீட்டம்மாவும் ஓட்டுவாங்கன்னா ரப்பர் இல்ல பாலியூரித்தேன் யோசிங்க.

இப்ப டிரன்னியன். இந்த ரிவியூ எழுதறதுக்கே முக்கிய காரணம் இதுதான், ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வச்சிருக்கற ஒவ்வொருத்தரும் இன்னைக்கே போய் பாருங்க. முன் சக்கரத்தை தாங்கற வெர்டிகல் லிங்க்னு ஒரு இரும்பு துண்டு இருக்கு, அதோட கீழ் முனை திரெட் போட்ட ஸ்குரூ மாதிரி இருக்கும், அது பித்தளை கலர்ல இருக்கற டிரன்னியனுக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். நீங்க ஸ்டியரிங் திருப்பற ஒவ்வொரு தடவையும் அந்த திரெட்டுதான் சுத்துது. இதுக்கு போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கிடையாது. ஆனா மத்த பழைய வண்டிங்கள்ல முன் சக்கரம் திரும்பற அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிச்சே பழகின கை இங்கயும் கிரீஸைத்தான் அடிக்கும். கிரீஸ் கொஞ்ச நாள்ல காய்ஞ்சு கட்டியாகி திரெட்டுக்குள்ள இறங்காது, மழைத்தண்ணி மட்டும் இறங்கும், உள்ள இரும்பு துரு பிடிக்கும், துரு பிடிச்ச இடத்துல ஒரு நாள் லிங்க் உடைஞ்சா சக்கரம் அப்படியே மடங்கி படுத்துக்கும். இது இந்த மாடலுக்கு உலகம் பூரா தெரிஞ்ச வியாதி.

என் வண்டியில இடது பக்க டிரன்னியனை பெரியவர் திருகி எடுத்து ஒரு வெள்ளை துணி மேல வச்சாரு. உள்ள இருந்து வந்தது ஆயிலும் இல்ல கிரீஸும் இல்ல, காபி டிகாக்ஷன் வண்டல் கலர்ல கெட்டியா ஒரு பசை, நகத்தால சுரண்டினா பொடியா உதிருது. லிங்க்ல திரெட்டோட முனை எல்லாம் தேய்ஞ்சு மழுங்கி இருந்துச்சு, மேல ரெண்டு மூணு சுத்துல துரு பொரிப்பொரியா. டீசல்ல கழுவி, காய வச்சு, லென்ஸை வச்சு ஒவ்வொரு திரெட்டா பார்த்தாரு, வெடிப்பு இருக்கான்னு. வலது பக்கம் பொழைச்சிருச்சு. இடது பக்கத்தை கையில தூக்கி, "இதை திருப்பி மாட்ட சொன்னீங்கன்னா வேற ஆளை பாருங்க தம்பி, நான் மாட்ட மாட்டேன்"னு சொல்லிட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்த ஷெட்டை யாருக்கும் சிபாரிசு பண்ணுவேன்.

வெர்டிகல் லிங்க் ஒண்ணு, டிரன்னியன் ரெண்டு, அதோட புஷ் செட் இங்கிலாந்துல இருந்து வரவழைச்சோம், கஸ்டம்ஸ் டியூட்டி எல்லாம் சேர்த்து அதுதான் இந்த வேலையிலயே பெரிய செலவு. மாட்டறப்ப கவனிக்க வேண்டியது, ரெண்டு பக்கமும் திரெட் எதிரெதிர், மாத்தி மாட்டிரக்கூடாது. முழுசா உள்ள திருகிட்டு கொஞ்சம் பின்னாடி திருப்பி விடணும், இல்லன்னா ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கறப்ப அடியில போய் முட்டும். அப்புறம் ஆயில் கன்ல 90 ஆயில் ஏத்தினாரு, மேல் சீல் வழியா ஆயில் கசியற வரைக்கும். லேசா கசியறதுதான் சரி, கசியலன்னா உள்ள போகலன்னு அர்த்தம்.

டை ராடு எண்டு ரெண்டும் லூஸ், மாத்தியாச்சு. ஸ்டியரிங் காலம் அடியில இருக்கற ரப்பர் கப்ளிங்ல விரிசல், அதுவும் மாத்தியாச்சு. வீல் பேரிங் செக் பண்ண விதத்தை மட்டும் சொல்றேன், வீட்டுலயே பண்ணலாம். ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வச்சு சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை பிரேக்கை மிதிக்க சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா அது பேரிங். நிக்கலன்னா டிரன்னியன் இல்ல மேல் பால் ஜாயிண்ட். இடதும் வலதும் பிடிச்சு ஆட்டறப்ப மட்டும் ஆடினா டை ராடு, ரேக் பக்கம் பாருங்க.

இதோட முன்பக்க வியாதி முடிஞ்சுது. பின்பக்கம் இதை விட முக்கியம், ஏன்னா ஸ்டியரிங் அலையுதுன்னு போனா பின் சக்கரத்தை யாரும் பார்க்கறதே இல்ல. ஸ்பிட்ஃபயர்ல ஒவ்வொரு பின் சக்கரத்தையும் முன்னாடி பின்னாடி நகராம பிடிச்சிருக்கறது ரேடியஸ் ஆர்ம்னு ஒரு சின்ன கம்பி, அதோட ஒரு முனை சக்கரத்துகிட்ட, மறு முனை சீட்டுக்கு பின்னாடி பாடியில. ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ். அந்த புஷ் செத்துப்போனா ஆக்சிலரேட்டர் குடுக்கறப்ப சக்கரம் கொஞ்சம் முன்னாடி வரும், கால் எடுத்தா பின்னாடி போகும், அப்படி போறப்ப சக்கரத்தோட பார்வையே திரும்பிருது. அதாவது நாம முன்னாடி ஒரு ஸ்டியரிங் பிடிச்சிருக்கோம், பின்னாடி நமக்கு தெரியாம இன்னொரு ஸ்டியரிங் வேலை செய்யுது. தொப்பூர்ல என்னை பயமுறுத்தினது இதுதான். பெரியவர் ஒரு கடப்பாரையை வச்சு நெம்பி காட்டினாரு, என் இடது பின் சக்கரம் கண்ணுக்கு தெரிய நகர்ந்துச்சு.

புஷ் மாத்தறதுக்கு முன்னாடி ஆர்ம் வந்து பாடியில சேர்ற இடத்தை கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு பார்த்தாரு. அங்க தகடு துரு பிடிச்சு கிழிஞ்சிருந்தா எத்தனை புஷ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. என் வண்டியில வலது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்துச்சு, பழைய ஓனர் காலத்துல அது மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதை வெட்டி எடுத்து புது தகடு வெல்டிங் பண்ணாங்க. ரெண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியை பிரிச்சு குடுக்கற டிஃப்ரென்ஷியலோட மவுண்டிங் ரப்பரும் மாத்தியாச்சு.

டயர் விஷயம். வாங்கறப்பவே வண்டியில அகலமான டயர், அலாய் வீல் இருந்துச்சு, பார்க்க கெத்தா இருக்கும். ஆனா நம்ம ஹைவேல லாரி ஓடி ஓடி இடது லேன்ல ரெண்டு வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருக்கும் பாருங்க, அகலமான டயர் அந்த பள்ளத்தோட ஓரத்தை பிடிச்சுக்கிட்டு வண்டியை இழுக்கும். இந்த வண்டிக்கு அந்த காலத்து ரேடியல் சைஸ் 145 ஆர் 13, அது நம்ம பழைய வேகன்-ஆருக்கு வந்த 145/80 ஆர் 13 சைஸேதான், எந்த டயர் கடையிலயும் கிடைக்கும். பெரியவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பழைய இரும்பு ரிம்மை பெண்டு எடுத்து அதுல மாட்டியாச்சு. ஏர் முன்னாடி 21, பின்னாடி 26. பங்க்ல ஏர் அடிக்கற தம்பி நம்பவே மாட்டாரு, நீங்க நின்னு சொல்லித்தான் வைக்கணும். வெயிட் கம்மியான வண்டி, முன்னாடியை விட பின்னாடி அதிகமா இருக்கணும்னுதான் கம்பெனியே சொல்லியிருக்கு, அப்பத்தான் பின் டயர் நெளியாம நிக்கும். நாலுலயும் 32 வச்சா பின்பக்கத்துக்கு கிடைக்க வேண்டிய அந்த பலமே போயிரும், மேடு பள்ளத்துல டயர் குதிக்கும், குதிக்கற டயர் ரோட்டை பிடிக்காது.

லூஸ் எல்லாம் எடுத்ததுக்கப்புறம்தான் அலைன்மெண்ட். இந்த வரிசையை அவர் மாத்தவே மாட்டாரு. லூஸ் இருக்கற வண்டிக்கு அலைன்மெண்ட் பண்றது ஆடிட்டு இருக்கற ஆளுக்கு சட்டை அளவு எடுக்கறது மாதிரின்னாரு. கம்ப்யூட்டர் எல்லாம் இல்ல, நாலு ஸ்டாண்டு வச்சு ரெண்டு பக்கமும் நைலான் நூல் கட்டி, இரும்பு ஸ்கேல்ல அளவு எடுத்தாரு. இந்த வண்டியில முன் சக்கரங்களுக்கு நடுவுல 49 இன்ச், பின்னாடி 48 இன்ச், அதனால நூல் பின் சக்கரத்துகிட்ட ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச் தள்ளி இருக்கணும், அதை மறந்துட்டு கட்டினா எல்லா அளவும் தப்பாயிரும். பின் சக்கரம் ரெண்டையும் முதல்ல பார்த்தாரு, இடது பக்கம் வெளிய பார்த்துட்டு இருந்துச்சு, ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்ல ஷிம் போட்டு ரெண்டையும் சமம் பண்ணாரு. அப்புறம் முன்னாடி கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு, கீழ் விஷ்போனுக்கு பின்னாடி ஒரு பக்கம் ரெண்டு ஷிம்மு, மறுபக்கம் ஒண்ணுமே இல்ல, எப்பவோ யாரோ இடிச்சிட்டு சரிக்கட்டி இருக்காங்க. கடைசியா டோ-இன், அதாவது முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்ள பார்த்து நிக்கற அளவு, ஒன்றரை மில்லி. ஒவ்வொரு தடவை அளவு எடுக்கறதுக்கு முன்னாடியும் வண்டியை முன்னாடி பின்னாடி தள்ளி, ரெண்டு பக்கமும் அமுக்கி விட்டு, டிரைவர் சீட்ல என்னை உட்கார வச்சு எடுத்தாரு. ஸ்விங் ஆக்சில் வண்டியில ஆள் உட்கார்ந்தாலே பின் சக்கரத்தோட சாய்வு மாறிரும், சும்மா நிக்கற வண்டியில எடுத்த அளவுக்கு அர்த்தம் இல்ல.

ரிசல்ட். வைகுந்தம் டோல் தாண்டி சங்ககிரி வரைக்கும் ஓட்டினேன். எண்பதுல ஸ்டியரிங்கை லேசா பிடிச்சிருந்தா போதும், வண்டி தன் பாட்டுக்கு நேரா போகுது. விரல் அளவு திருப்பினா விரல் அளவு திரும்புது. லாரி கடந்தா காத்து படறது தெரியுது, ஆனா ஒரு தடவை அசைஞ்சுட்டு தானே நேராயிருது. கால் எடுத்தா வேகம் குறையுது, அவ்வளவுதான், பின்பக்கம் பேசாம இருக்கு. இந்த வண்டியை வாங்கி இவ்வளவு நாள் கழிச்சு ஹைவேல ரோட்டோரத்து மாமரத்தை எல்லாம் பார்த்துக்கிட்டு ஓட்டினது அன்னைக்குத்தான், அவ்வளவு சந்தோஷம்.

ஏற்காடும் போயிட்டு வந்தேன், அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும். இங்க பெரியவர் குடுத்த எச்சரிக்கையை அப்படியே எழுதறேன், ஏன்னா எந்த ரிப்பேரும் இதை மாத்தாது. மார்க் 3 வரைக்கும் வந்த ஸ்பிட்ஃபயர்ல பின் ஆக்சில் டிஃப்ரென்ஷியல்கிட்ட மட்டும்தான் மடங்கும், அதனால பின்பக்கம் மேல எழும்பினா சக்கரத்தோட கீழ்ப்பக்கம் உள்ள மடங்கி நிக்கும். வேகமா வளைவுக்குள்ள போயிட்டு பயந்து டக்குன்னு காலை எடுத்தாலோ பிரேக் அடிச்சாலோ பின்பக்கம் எழும்பும், சக்கரம் மடங்கும், வண்டி சுத்திரும். 1970ல வந்த மார்க் 4லதான் நடு ஸ்பிரிங்கை ஊஞ்சல் மாதிரி ஆட விட்டு இதை பெருமளவு குறைச்சாங்க. இந்தியாவுல ஹெரால்டுக்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கேஸல்ல ஸ்விங் ஆக்சிலையே எடுத்துட்டு சாதா ஆக்சில் போட்டுட்டாங்க. அதனால இறங்கறப்ப வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு, கியர் குறைச்சு, லேசா ஆக்சிலரேட்டர் குடுத்துக்கிட்டே வளைவை முடிங்க. "வளைவுக்குள்ள போய் யோசிக்காதீங்க தம்பி, வெளியவே யோசிச்சிட்டு உள்ள போங்க"ன்னாரு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எதிர்ல பஸ் வர்ற ரோட்டுல இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குறைன்னு பார்த்தா சிலது இருக்கு, மறைக்க விரும்பல. நேரம் ரொம்ப ஆகும். பார்ட்ஸ் வர்ற வரைக்கும் வண்டி ஜாக் ஸ்டாண்டுல நின்னுச்சு, போன் அடிச்சா பாதி நேரம் எடுக்க மாட்டாரு, நேர்லதான் போகணும். ஷெட்டுக்கு ஒரு பக்கம் சுவரே இல்ல, மழை அடிச்சா சாரல் உள்ள வரும், துணி கூரை வண்டின்னா நல்ல கவர் ஒண்ணு நீங்களே கொண்டு போய் குடுத்துருங்க. பில்லு தேதி காலண்டர் தாளோட பின்பக்கத்துலதான் வரும், ஆனா ஒவ்வொரு ஐட்டமும் தனித்தனியா எழுதி, கழட்டின பழைய பார்ட்ஸை எல்லாம் ஒரு சாக்குல போட்டு கையில குடுத்துருவாரு. லேபர் வெல்டிங் லேத்து எல்லாம் சேர்த்து 25,000 கிட்ட வந்துச்சு, வெளிநாட்டு பார்ட்ஸ் செலவு தனி. ரேக் மாத்தணும்னு முன்னாடி கேட்ட தொகையோட வச்சுப்பார்த்தா லேபர் அதுல பாதி கூட இல்ல. பெயிண்ட் வேலை, ஏசி வேலை, புது வண்டி எதுவும் எடுக்க மாட்டாரு. அவசரப்படுத்தினா முகத்துக்கு நேரா சாவியை நீட்டிருவாரு, அதுவும் என் கண் முன்னாடி ஒருத்தருக்கு நடந்துச்சு.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பின்னாடி பட்டை ஸ்பிரிங் தளர்ந்து ரெண்டு பின் சக்கரமும் மேல்பக்கம் கொஞ்சம் உள்ள சாய்ஞ்சிருக்கு. அது இப்போதைக்கு ஆபத்து இல்ல, வளைவுக்கு நல்லதுதான், ஆனா டயர் உள்பக்கம் சீக்கிரம் தேயும்னாரு. சங்ககிரியில லாரி பட்டை அடிக்கற ஒரு பட்டறையில குடுத்து பட்டையை பழைய வளைவுக்கு கொண்டு வரலாம்னு சொல்லியிருக்காரு, ஆனா லாரி கணக்குல அடிச்சு ரொம்ப தூக்கிட்டா பின்பக்கம் உயர்ந்து அந்த மடங்கற ஆபத்து அதிகமாயிரும், அதனால தானே கூட வந்து நின்னு அளவு பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு. பொங்கல் கழிச்சு போறோம்.

போறவங்களுக்கு, ஷெட் காலையில பத்து மணிக்கு மேலதான் திறக்கும், அமாவாசைக்கு லீவு. பெட்ரோல் அரை டேங்குக்கு மேல வச்சு, ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாம் எப்பவும் இருக்கற இடத்துலயே வச்சு எடுத்துட்டு போங்க, அந்த வெயிட்டோடதான் அவர் அளவு எடுப்பாரு. வண்டியை கழுவி எடுத்துட்டு போகாதீங்க. எங்க ஆயில் கசிஞ்சிருக்கு, எங்க துரு தூள் கொட்டியிருக்குன்னு அழுக்கை பார்த்துத்தான் அவர் பாதி வேலையை கண்டுபிடிக்கறாரு.